தலகாணி நாவலும் இரண்டு பொம்பளைகளும்

எங்கள் ஊரில் இரண்டு பொம்பளைகள் ஒரே பொம்பளையானது ஒரு வெள்ளிக்கிழமை காலையில், குழாயில் தண்ணீர் வருவதற்குச் சற்று முன்னால். ஒருத்தி என் அம்மா சீனியம்மாள். இன்னொருத்தி பக்கத்து வீட்டு வேலுத்தாய், அம்மாவுக்கு ஆகவே ஆகாதவள். யாரும் நம்ப வேண்டும் என்று இதை நான் எழுதவில்லை. நம்பாதவர்கள் வெள்ளூரணிக்கு வந்து யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் பாதிதான் சொல்வார்கள், மீதியை மறந்துவிட்டார்கள். அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊரைப் பற்றி ஒரு நாவல் இருக்கிறது. எழுதியவர் தங்கப்பழம் மாமா, கரண்ட் ஆபீசில் ரீடிங் எடுத்து ரிட்டயர் ஆனவர். ரீடிங் எடுக்கிறவர் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், மீட்டருக்கு நேரே நின்று அண்ணாந்து பார்க்கலாம், அண்ணாந்து பார்க்கிற நேரத்தில் அந்த வீட்டுச் சண்டை முழுக்கக் காதில் விழும், இப்படி வீடு வீடாக அண்ணாந்து பார்த்தே ஊர்க்கதை மொத்தத்தையும் சேர்த்து, ஒரு பேரைக்கூட மாற்றாமல், தலைக்கு வைத்துப் படுக்கிற கனத்துக்கு எழுதி வைத்தார். ஊரில் அதற்குத் தலகாணி என்றுதான் பேர். வெளியூரில் பரிசெல்லாம் கொடுத்தார்கள். ஊருக்குள் முழுசாகப் படித்த ஆள் ஒருத்தர் கிடையாது. அவரவர் வருகிற பக்கத்தை மட்டும் படிப்பார்கள். நான் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடைக்குத் தலகாணியைத் தூக்கிக்கொண்டு வந்து, "எங்க வீட்டுப் பக்கத்தை மட்டும் எடுத்துக் குடு பிள்ளை" என்று கேட்டு வாங்கிப்போய்ச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். நானும் அம்மா வருகிற பக்கங்களைத்தான் படித்திருந்தேன். அதற்கு மேல் பொறுமை இல்லை. பொறுமை இருந்தால் பிளஸ் ஒன்னில் பாதியில் எழுந்து வந்திருக்க மாட்டேன்.

போன தை மாதம் அந்தத் தலகாணியைப் படமாக எடுக்க ரகோத்தமன் என்று ஒரு டைரக்டர் சென்னையில் இருந்து வந்தார். கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, மாப்பிள்ளை வீட்டார் தங்குகிற அறையில் ஜமுக்காளத்தை விரித்து, உதவி டைரக்டர்களோடு டீயும் வடையுமாகப் பேசிக்கொண்டே இருந்தார். அதற்கு டிஸ்கஷன் என்று பேர். பேசியதை எழுதி, ஜெர்லின் என்கிற நாகர்கோவில் அக்கா எங்கள் கடைக்குக் கொண்டுவந்து ஆளுக்கொரு காப்பி எடுத்துப் போவாள். நான் தாளைக் கவிழ்க்கும்போதே படித்துவிடுவேன். முதலில் கதையில் வருகிற பஞ்சத்தைத் தூக்கினார்கள். பிறகு முதல் இரண்டு தலைமுறையைத் தூக்கினார்கள். அவர்களெல்லாம் செத்துப்போனவர்கள் என்பதால் ஊரில் ஒன்றும் ஆகவில்லை, சுடுகாட்டுப் பக்கம் சில மேடுகள் தட்டையாகிவிட்டதாக ஆடு மேய்க்கிறவர்கள் மட்டும் சொன்னார்கள். வியாழக்கிழமை வந்த தாளின் ஓரத்தில், "சீனியம்மாள், வேலுத்தாய் இரண்டு பேருக்கும் கதையில் ஒரே வேலைதான், ஒரே கேரக்டராக ஆக்கிவிடலாம்" என்று இருந்தது. நானும் காப்பி எடுத்துக் கொடுத்தேன். சினிமாதானே.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கும் வேலுத்தாய் வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவரை ஒட்டி ஒரு பொம்பளை நின்று முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் சேலை. வேலுத்தாயின் மூக்குத்தி. அம்மா குட்டை, வேலுத்தாய் நெட்டை, இவள் இரண்டுக்கும் நடுவில், சினிமாக்காரிக்குத் தோதான உயரத்தில் இருந்தாள். பறித்த காயை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை எங்கள் வாசலிலும் ஒன்றை வேலுத்தாய் வாசலிலும் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "எந்திரிச்சிட்டியா கண்ணு" என்றாள்.

அம்மா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டதே கிடையாது. மூதேவி என்பாள், கழுதை என்பாள், நல்ல மூடில் இருந்தால் சனியனே என்பாள். ஏசிக்கொண்டே இருக்கும்போது நடுவில், என்ன நினைப்பாளோ, குபீரென்று சிரித்துவிடுவாள், சிரித்து முடித்து விட்ட இடத்திலிருந்து திரும்ப ஏசுவாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் ஏச்சு வாங்குவேன். இந்தப் பொம்பளை ஏசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. புன்னகை மட்டும் செய்தாள்.

ஊர் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஊர் ஒன்றும் செய்யவில்லை, இடம் ஒதுக்கிக் கொடுத்தது. ரேஷன் கடையில் இரண்டு கார்டையும் நீட்டினாள், இரண்டு கார்டுக்கும் ஒரே கைரேகையை மெஷின் ஏற்றுக்கொண்டது. கடைக்காரர் மெஷினையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மெஷினே ஒத்துக்கிட்டப்புறம் நான் யாரு" என்று அரிசியை நிறுத்துப் போட்டார். நூறு நாள் வேலையில் ஒருத்தியாகவே இரண்டு பேர் குழியை வெட்டினாள், மேஸ்திரி இரண்டு ஆஜர் போட்டார். டெய்லர் இரண்டு பழைய அளவையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு அளவு எடுத்தார். மகளிர் குழுவில் சண்டை ஓய்ந்ததால் கூட்டம் சீக்கிரம் முடிந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்தவர்கள் இரண்டு பேரையும் ஒரே கவரில் எழுதிக் கொடுத்தார்கள். "நல்லதாப் போச்சு, தெருவே இப்பத்தான் மூச்சு விடுது" என்று பால்காரர் சொன்னார். நான் அவர் ஊற்றிய பாலை மோந்து பார்த்தேன். அன்று முதல் எனக்கு எல்லாவற்றையும் மோந்து பார்க்கத் தோன்றியது.

அப்பாவிடம் கேட்டேன். அப்பா தீப்பெட்டி ஆபீசில் லோடு ஏற்றுகிறவர், பேச்சில் சிக்கனம்.

"இது அம்மா இல்லப்பா."

"பாதி அம்மாதான."

"மீதி?"

"மீதிக்குத்தான் நான் வாசல்ல கட்டிலைப் போட்டுப் படுக்கேன்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏசாம சோறு போடுதா, சங்கரி. ரெண்டு நாளைக்கு நிம்மதியா திங்க விடேன்" என்றார்.

வேலுத்தாய்க்குப் புருஷன் இல்லை. ஒரே மகன், செல்லப்பாண்டி அண்ணன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் அவரும் நானும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் அந்தப் பொம்பளையை வாசலில் நின்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவள் இரண்டு வீட்டிலும் அளவாகச் சமைத்தாள். உப்பு எங்கேயும் கூடவில்லை, எங்கேயும் குறையவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நேரே மண்டபத்துக்குப் போனேன்.

"யாரும்மா?" என்றார் டைரக்டர்.

"ஜெராக்ஸ். எங்கம்மாவைப் பிரிச்சுக் குடுங்க."

அவர் ஆச்சரியப்பட்டிருந்தால் எனக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை வந்திருக்கும். அவர் வடையைப் பிட்டுக்கொண்டே, "இது எல்லாப் படத்துக்கும் வர்ற கம்ப்ளெயின்ட்தான். போன படத்துல மூணு அண்ணன்மாரை ஒருத்தனாக்கினோம், அந்த வீட்டுக்காரங்க இன்னமும் போன் பண்றாங்க" என்றார். "இந்த நாவல்ல எத்தனை பேரு தெரியுமா? எல்லாரையும் வச்சா படம் பாக்க வர்றவன் பேரனோடதான் வீட்டுக்குப் போவான். ரெண்டு பொம்பளையும் சண்டை போடுறாங்க, ரெண்டு பேரும் ஹீரோவுக்குச் சோறு போடுறாங்க. எதுக்கு ரெண்டு?"

"ரெண்டு பேர் இருந்தாத்தான் சண்டை போட முடியும்."

ஜெர்லின் அக்கா சிரித்துவிட்டாள். டைரக்டர் சிரிக்கவில்லை. "அடுத்த முகூர்த்தத்தன்னைக்கு ஸ்கிரிப்டை பைண்ட் பண்ணி சாமி முன்னாடி வச்சுப் பூஜை போடுறோம். அதுக்கப்புறம் நானே நெனச்சாலும் மாத்த முடியாது. அதுக்குள்ள ரெண்டு பேரும் ஏன் வேணும்னு ஒரே ஒரு சீன்ல காட்டு. பாக்கலாம்."

எழுதத் தெரிந்தவர் தங்கப்பழம் மாமாதானே என்று அவர் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். தனி ஆள். நடந்ததைச் சொன்னேன். தெரியும் என்பது மாதிரித் தலையை ஆட்டினார்.

"நீங்க வந்து சொல்லுங்க மாமா. ஒங்க கதை."

"வித்தாச்சு தாயி. வித்த மாட்டுக்குப் பேர் வைக்க முடியுமா?"

"அப்ப ஒரு சீன் எழுதியாவது குடுங்க. எனக்கு எங்கம்மா வேணும். முழுசா, முன்ன இருந்த மாதிரி."

அவர் பூண்டை வைத்துவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார், மீட்டரைப் பார்க்கிற மாதிரி. "முன்னன்னா எந்த முன்ன?" என்றார். "ஒங்கம்மாவே ரெண்டு பேருதான் சங்கரி. சீனி, பேச்சி. அக்கா தங்கச்சி. சீனி ஏசுவா. பேச்சி சிரிப்பா. ரெண்டு பேரும் ஒண்ணா கெணத்துக்கு வருவாளுக, ஒண்ணா போவாளுக. எழுதுறப்ப எது யாரு பேசுனதுன்னு எனக்கே கொழம்புச்சு. படிக்கிறவனுக்கும் கொழம்பும்னு ஒருத்தியாக்கிட்டேன்."

"எப்ப?"

"நீ பொறக்குறதுக்கு முந்தி."

"யாருமே கேக்கலையா?"

"பெத்தவங்களே கேக்கலை. ஒண்ணு கொறைஞ்சா ஒரு சீர் மிச்சம்." பூண்டுத் தோலை ஊதிவிட்டார். "நான் சொல்லலைன்னா நீயும் கேட்டிருக்க மாட்டே."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லித்தான் பரிசு வாங்கியிருக்கிறார். ஆனால் ஏச்சுக்கு நடுவில் குபீரென்று வருகிற அந்தச் சிரிப்பு என் காதுக்குள் கேட்டது, அதோடே அவர் மேல் ஒரு கோபம் வந்தது, இவ்வளவு காலம் எங்கள் வீட்டு மீட்டருக்குக் கீழே நின்று ஒன்றும் தெரியாதவர் மாதிரி அண்ணாந்து பார்த்திருக்கிறாரே என்று. பேச்சி எங்கே, எப்படி இருப்பாள், என்னைத் தூக்கி வைத்துக்கொண்டது யார், ஒன்றையும் கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

நானே எழுதினேன். முருங்கைக்காய்ச் சண்டை. எங்கள் மரத்துக் காய் அவர்கள் பக்கம் தொங்கும், வேலுத்தாய் பறித்துக்கொள்வாள், கேட்டால் உங்கள் மரத்துக் கம்பளிப்பூச்சி எங்கள் சுவரில் ஏறுகிறதே அதற்குக் கூலி என்பாள். எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டைரக்டர் படித்துவிட்டு, "இதுல ஒருத்திதான் இருக்கா. இன்னொருத்தி சும்மா வாங்கிக் கட்டிக்க வந்திருக்கா. இதுக்கு எதுக்கு ரெண்டு நடிகை?" என்று திருப்பிக் கொடுத்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைக் கிழித்தே போட்டிருப்பேன். ஆனால் அவர் சொன்னது சரி. அம்மா ஜெயிக்கிற மாதிரியே எழுதியிருந்தேன்.

ஸ்டாண்டில் செல்லப்பாண்டி அண்ணனின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க போகணும்?" என்றார் திரும்பாமல்.

"எங்கயும் இல்லண்ணே. ஒங்கம்மா எங்கம்மாவை என்னெல்லாம் ஏசுவாங்கன்னு சொல்லுங்க."

கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "எங்கம்மா ஏசுனது ஞாபகமில்ல பிள்ளை. அவ கத்துறப்ப நான் செல்லு பாத்துட்டிருப்பேன். ஒங்கம்மா ஏசுனதுதான் அப்படியே இருக்கு. 'ரோட்டுல மாடுகூட ஒம்மகனுக்கு வழி விடலை, பொண்ணு எவ குடுப்பா'ன்னு ஒரு நாள் கேட்டா. இன்னைக்கும் மாட்டைப் பாத்தா அதான் ஞாபகம் வருது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவேதான். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது, அம்மாவின் வசவு எதுவும் எனக்கு வரிசையாக வரவில்லை, வேலுத்தாய் சொன்னதுதான் வரிக்கு வரி வருகிறது. யார் மேல் விழுந்ததோ அவர்களிடம்தான் அது இருக்கிறது. அதனால் அவர் என் அம்மாவாக ஆனார், நான் அவர் அம்மாவாக ஆனேன், ஆட்டோவின் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் இருந்த கம்பியை முருங்கைமரச் சுவராக வைத்துக்கொண்டோம்.

"ஏ வேலுத்தாயி, எங்க மரத்துக் காயி ஒங்க வீட்டுக் கொழம்புக்குள்ள எப்பிடிடி வந்துச்சு? நடந்தா வந்துச்சு?"

"ஆமாடி, ஒங்க வீட்டுக் கம்பளிப்பூச்சி நடந்து வருதுல்ல, அது மேல ஏறி வந்துச்சு."

"மோந்து மோந்தே ஊரு ஒலைய எட்டிப் பாக்குற மூக்குக்கு மூக்குத்தி ஒரு கேடா?"

"எனக்கு மாட்டுறதுக்கு மூக்கு இருக்கு. ஒன் மூஞ்சில அதைத் தேடிக் கண்டுபிடிக்கணும். பெத்தது ஒண்ணு, அதும் பள்ளிக்கூடத்துல ஒக்காரத் தெரியாம ஓடி வந்திருச்சு."

அந்த ஓடி வந்தது நான்தான். ஆனாலும் சொன்னேன், அவள் சொல்கிற மாதிரியே, இடுப்பில் கை வைத்து. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கூடிவிட்டார்கள். "விடாத பாண்டி, நீ சீனியம்மால்ல, மேல ஏறு" என்று ஒருத்தர் எடுத்துக் கொடுத்தார். அப்போது வேலுத்தாய் எப்போதும் கடைசியாகச் சொல்வது எனக்கு வந்தது. அதைச் சொன்னால் அம்மா பதில் பேசாமல் கதவைச் சாத்திவிடுவாள்.

"எம்புருசன் செத்த அன்னைக்கு ஊரே வந்துச்சு. நீ மட்டும் எட்டிப் பாக்கலைல்ல? நீ எல்லாம் பேசாத."

செல்லப்பாண்டி அண்ணன் என் அம்மா மாதிரிக் கதவைச் சாத்தவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, குரல் இறங்கி, "வந்தேன்டி. ஒனக்குத் தெரியக் கூடாதுன்னு பின்வாசல்ல நின்னேன். பொணம் எடுக்குற வரைக்கும் நின்னேன்" என்றார்.

"இது எங்கம்மா சொன்னதில்லையே அண்ணே" என்றேன்.

"சொன்னதில்லை. நின்னாங்க. நான் பாத்தேன்" என்றார். "எங்கம்மாகிட்ட நானும் சொன்னதில்லை. சொன்னா சண்டை நின்னுரும். அப்பா போனப்புறம் அவளுக்கு வேற என்ன இருக்கு?"

அதை அப்படியே எழுதிக் கொண்டுபோனேன். ஜெர்லின் அக்கா சத்தமாகப் படித்தாள். முதலில் எல்லோரும் சிரித்தார்கள், கடைசியில் டீ கொண்டுவந்த அண்ணன் டம்ளரைக் கீழே வைக்காமலே நின்றார். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுதாரா, தூசியா, எனக்குத் தெரியாது, நான் அவரை நம்பவில்லை.

"ரெண்டு பேரும் இருக்கட்டும்" என்றார். "ஆனா இதை வைக்க எடம் வேணும். எங்கயாவது ஒருத்தனைத் தூக்கினாத்தான் நீளம் சரிவரும். நீயே சொல்லு, யாரைத் தூக்கலாம்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெர்லின் அக்கா பேர்களைப் படித்தாள். பால்காரர். பூசாரி. டீக்கடைக்காரர், அவருக்குக் கைக்குழந்தை. ரேஷன் கடைக்காரர். ஒவ்வொரு பேருக்கும் ஒரு முகம் வந்து நின்றது, ஒவ்வொரு முகமும் என்னிடம் ஒரு தடவையாவது, "எங்க வீட்டுப் பக்கத்தை மட்டும் எடுத்துக் குடு" என்று கேட்ட முகம். அப்புறம் அவள், "மீட்டர் பாக்க வர்றவர், கதையைச் சொல்றவர்" என்று படித்தாள்.

"அவரை எடுத்துருங்க" என்றேன்.

"அவன்தானேம்மா கதையையே சொல்றான்?"

"அவரு சும்மா அண்ணாந்து பாத்துக்கிட்டு நிக்காரு. பாக்குறதுக்குத்தான் ஒங்ககிட்ட கேமரா இருக்குல்ல."

டைரக்டர் தொடையில் ஓங்கித் தட்டினார். "இதைத்தான்யா நான் மாசக்கணக்கா தேடிட்டிருந்தேன்" என்றார். ஜெர்லின் அக்கா பேனாவை எடுத்துக் கோடு போட்டாள். தெரியாமல் சொல்லிவிட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். என்ன ஆகும் என்று தெரிந்துதான் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன் என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் விடிந்ததும் தெருவே அதிர்ந்தது. "எவடி எங்க மரத்துல கைய வச்சது" என்று ஒரு குரல், "வச்சா என்னடி" என்று ஒரு குரல். நான் பாயில் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் அப்பா பெருமூச்சு விட்டார், கட்டிலை மடக்கி உள்ளே கொண்டுவந்தார். ஊரும் ஒன்றும் சொல்லவில்லை. ரேஷன் மெஷின் இரண்டு ரேகை கேட்டது. டெய்லர் தூக்கிப் போட்ட அளவுகளைத் தேடி எடுத்தார். அம்மா கொல்லைக் கதவைத் திறந்து வேலுத்தாய் வீட்டுப் பின்வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரோ தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்ட மாதிரி, படாரென்று சாத்தினாள்.

தங்கப்பழம் மாமா வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது. பூட்டில் பல வருடத்துத் துரு. எதிர்வீட்டில் கேட்டால், "அந்த வீடா? அதுல யாரு இருந்தா? எப்பவுமே பூட்டித்தான கெடக்கு" என்றார்கள். கரண்ட் ஆபீசில் அப்படி ஒருத்தர் ரிட்டயர் ஆனதே இல்லை என்றார்கள். தலகாணியின் அட்டையில் பேர் இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது. பூஜையன்று எழுத்தாளருக்குப் போட என்று வாங்கிய ரோஜா மாலை மண்டபத்து நாற்காலியில் கிடந்தது. டைரக்டர் அதைத் தூக்கிப் பார்த்து, "இது யாருக்கு வாங்கினது?" என்றார். "எழுதினவருக்கு" என்றேன். "எழுதினவன் பேரே தெரியாத பழைய புத்தகம்மா இது. அதனாலதான் யாரும் ரைட்ஸ் கேட்டு வரமாட்டாங்கன்னு எடுக்கிறோம்" என்று சொல்லி மாலையைக் கேமராவுக்குப் போட்டார். நிஜமாகவே மறந்தாரா, மறந்த மாதிரி நடித்தாரா என்று அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு மட்டும் ஏன் மறக்கவில்லை என்றும் தெரியவில்லை. வெட்டச் சொன்னவளுக்கு மறக்காது போல.

பேச்சியைப் பற்றிக் கேட்க இப்போது ஆள் இல்லை. அப்பாவிடம், "அம்மாவுக்குத் தங்கச்சி உண்டா?" என்று கேட்டேன். "இருந்திருந்தா ஒரு மச்சினி இருந்திருப்பாளே" என்று நிஜமான வருத்தத்தோடு சொன்னார்.

அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜெராக்ஸ் கடை வேலையைப் பற்றி, என் தலைமுடியைப் பற்றி, நான் பாயைச் சுருட்டாததைப் பற்றி வரிசையாக ஏசிக்கொண்டே வந்தவள், பாயைப் பற்றிய இடத்தில் என்ன தோன்றியதோ குபீரென்று சிரித்தாள். தோள் குலுங்கியது. நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அந்தத் தோள் யாருடையது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேச்சி" என்று கூப்பிட்டேன், மெதுவாக.

"என்னடி" என்றாள் அம்மா, திரும்பாமலே.

முறத்தில் அரிசி அதே சத்தத்தோடு ஏறி இறங்கியது. அவள் பதில் சொன்னது அந்தப் பேருக்கா, என் குரலுக்கா என்று தெரியவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டால் தெரிந்துவிடும். வாய் வரைக்கும் வந்தது.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்குடி கூப்பிடுத, மூதேவி" என்று சொல்லி, அவள் மறுபடியும் சிரித்தாள்.